இளமைக் குற்றமும் நீதிமன்ற அபராதமும்: குறைப்பதற்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் வழிகள்

இந்தியக் குற்றவியல் சட்டத்தில் அபராதம் என்பது தண்டனை வகைகளுள் ஒன்று. அது கட்டணமும் அன்று, வரியும் அன்று. போக்குவரத்துக் காவலர் சாலையில் வசூலிக்கும் இணக்கக் கட்டணம், அதாவது வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமலேயே முடித்துக்கொள்வதற்காகச் செலுத்தப்படும் தொகை, பேச்சுவழக்கில் ‘ஃபைன்’ என்றே அழைக்கப்பட்டாலும், அதன் பின்னால் குற்றத்தீர்ப்பு எதுவும் இல்லை. குற்றவியல் நடுவர் விதிக்கும் அபராதம் அப்படிப்பட்டதன்று. தொகை நூறு ரூபாயாக இருந்தாலும், ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகே அது விதிக்கப்படுகிறது. எனவே 17 வயதிலோ 19 வயதிலோ செய்த தவற்றுக்கான அபராதத்தைக் குறைக்க இயலுமா என்று ஆராயும்போது, தொகை எவ்வளவு குறையும் என்பதோடு, அத்தொகைக்குக் காரணமான குற்றத்தீர்ப்பு என்னவாகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் முன்னதை மட்டும் பார்க்கின்றன. பின்னதுதான் நீண்டகாலம் உடன்வருகிறது.

முதலில் எழும் கேள்வி வயது. குற்றம் நிகழ்ந்த நாளில் 18 வயது நிறையாதவர் எவரோ, அவர் விசாரணை நாளில் எத்தனை வயதினராக இருந்தாலும், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் குழந்தையே ஆவார். அவருடைய வழக்கைக் கேட்க வேண்டியது ஒரு நடுவரும், இரு சமூகப் பணியாளர்களும் (அவர்களுள் ஒருவராவது பெண்) அடங்கிய இளைஞர் நீதிக் குழுமமே தவிர, வழக்கமான நீதிமன்றம் அன்று. அக்குழுமம் பிறப்பிக்கக்கூடிய ஆணைகளைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது: அறிவுரை கூறியோ கண்டித்தோ வீட்டுக்கு அனுப்புதல், குழு ஆலோசனை, சமூகச் சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, கடைசியாக மூன்றாண்டுக்கு மேற்படாத சிறப்பு இல்லம். அபராதத்தைக் குழந்தையோ பெற்றோரோ பாதுகாவலரோ செலுத்தும்படி ஆணையிடலாம். குழந்தை வேலை செய்து ஈட்டுவதாயின் தொழிலாளர் சட்டங்கள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற காப்புரையும் உண்டு. இந்த வரிசையே ஒரு வாதத்துக்கு இடம் தருகிறது. அபராதம் இங்கே பல வழிகளுள் ஒன்று மட்டுமே என்பதால், தொகையைக் குறைக்கக் கேட்பதைவிட, அதற்குப் பதிலாகச் சமூகச் சேவையையோ கண்டிப்பையோ கேட்பது பொருத்தமானது. நன்னடத்தை அலுவலர் குழுமத்திடம் அளிக்கும் சமூகப் புலனாய்வு அறிக்கையில் குடும்பத்தின் வருவாயும் கடனும் இடம்பெறும்படி செய்தால், அக்கோரிக்கைக்கு ஆதாரமும் கிடைத்துவிடும்.

2000-ஆம் ஆண்டின் பழைய சட்டம் இவ்விடத்தில் ஒருவகையில் தெளிவாக இருந்தது. சிறார் ஒருவர் 14 வயதைக் கடந்து, சொந்தமாகச் சம்பாதிப்பவராக இருந்தால்தான் அவரிடமே அபராதம் கேட்கலாம் என்றும், அபராதம் கட்டவில்லை என்பதற்காக எந்தச் சிறாரையும் சிறைக்கு அனுப்பக்கூடாது என்றும் அது வெளிப்படையாகச் சொன்னது. புதிய சட்டத்தில் அந்தச் சொற்கள் காணப்படவில்லை. எனினும் 18-ஆம் பிரிவின் வரிசையில் சிறை என்பதே இல்லாததால் முடிவு மாறிவிடாது; ஆனாலும் பழைய தெளிவைக் கைவிட்டதற்கு நல்ல காரணம் எதுவும் புலப்படவில்லை.

வயதைப் பற்றிய இந்தப் பாதுகாப்பு காலாவதியாவதில்லை. சம்பவத்தன்று தாம் சிறார் என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், எந்த நிலையிலும், வழக்கு இறுதியாக முடிந்துவிட்ட பிறகும்கூட எழுப்பலாம் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு கூறுகிறது. அதற்கான சான்றுகளின் வரிசையை 94-ஆம் பிரிவு வகுத்திருக்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்தநாள் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாதபோது மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ வழங்கிய பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கும் மருத்துவப் பரிசோதனை. பல ஆண்டுகளுக்கு முன் வழக்கமான நீதிமன்றம் ஒரு சிறுவனைப் பெரியவனாகக் கருதித் தண்டித்திருந்தால், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழே அந்தத் தண்டனையை அசைக்கப் போதுமானதாகலாம்.

இதில் ஒரு முரணும் உண்டு. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த வரதட்சணை மரண வழக்கொன்றில், குற்றவாளி சம்பவத்தன்று சிறாராக இருந்தார் என்பது பிற்பாடு நிறுவப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் 2013-இல் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்து, சிறைத் தண்டனையை நீக்கி, எவ்வளவு அபராதம் விதிக்கலாம் என்று முடிவு செய்யும்படி வழக்கைக் குழுமத்துக்கே திருப்பி அனுப்பியது. வளர்ந்து ஆளாகிவிட்ட ஒருவரைச் சிறப்பு இல்லத்துக்கோ குழு ஆலோசனைக்கோ அனுப்புவதில் பொருளில்லை. வெறும் கண்டிப்போ குற்றத்தின் கடுமைக்கு ஈடாகாது. எஞ்சியது அபராதம் ஒன்றுதான். எனவே பழைய குற்றத்துக்கு வயது வாதத்தை எழுப்புபவர், சிறை நீங்கி அதனிடத்தில் கணிசமான அபராதம் வரக்கூடும் என்பதையும் எதிர்பார்த்தே நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

குழுமத்தின் ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வு அதிகாரம் இருக்கிறது. மூன்றாண்டு வரை மட்டுமே தண்டனைக்குரிய சிறு குற்றமாயின், நான்கு மாதங்களும் நீட்டிப்பாகத் தரப்படும் இரண்டு மாதங்களும் கடந்தும் விசாரணை முடியவில்லை என்றால் நடவடிக்கையே முடிந்துபோகிறது. அபராதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழுமத்தின் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் ஏற்படாது என்பதும், மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்கள் அழிக்கப்பட வேண்டும் என்பதும் 24-ஆம் பிரிவின் பொதுவிதி. 16 வயது நிறைந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர் போலவே குழந்தைகள் நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டவர் மட்டும் இதற்கு விலக்கு.

வாகனக் குற்றங்களில் நிலைமை வேறு. சிறாருக்கான சலுகையைச் சட்டமே சுருக்கியிருக்கிறது. 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டினால் பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்பட்டு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெறுவார். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. சிறாரின் சிறைத் தண்டனையை இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மாற்றலாமே தவிர, அபராதம் வாகனச் சட்டத்தில் உள்ளபடியே இருக்கும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் வண்டி எடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்தும் நடந்துவிட்டது என்றோ மெய்ப்பிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. சாவியைப் பூட்டி வைத்திருந்தார்களா, வண்டி யாருடையது, வீட்டில் அப்போது யார் இருந்தார்கள் என்பன போன்ற சிறு விவரங்களே இவ்வழக்கின் போக்கைத் தீர்மானிக்கின்றன. சிறாருக்கு முறையான பழகுநர் உரிமம் இருந்திருந்தால் பாதுகாவலர்மீதான இந்தப் பொறுப்பு எழுவதில்லை.

18 வயதைத் தாண்டியவருக்குச் சட்டத்தின் கனிவு முற்றாக நின்றுவிடுவதில்லை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், இளங்குற்றவாளியின் வழக்கில் இன்றும் மிகக் குறைவாக நினைக்கப்படும், ஆனால் மிகுதியாகப் பயன்தரக்கூடிய கருவி. அதன் 3-ஆம் பிரிவின்படி, முன்குற்றத்தீர்ப்பு இல்லாத ஒருவர் திருட்டு, ஏமாற்று போன்ற குறிப்பிட்ட குற்றங்களிலோ, இரண்டாண்டுக்கு மேற்படாத சிறைக்குரிய குற்றத்திலோ குற்றவாளியாகக் காணப்பட்டால், எந்தத் தண்டனையும் விதிக்காமல் கண்டித்து அனுப்பிவிடலாம். அபராதமும் தண்டனையே என்பதால் அதுவும் இல்லாமற்போகிறது. 4-ஆம் பிரிவின்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றத்தில், மூன்றாண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பிணைமுறியில் கையெழுத்திட்டுச் செல்ல விடலாம். பிணையின் நிபந்தனையை முதன்முறை மீறினால் நீதிமன்றம் விதிக்கக்கூடிய தண்டத்தொகை 50 ரூபாய்க்கு மேற்படாது என்று 1958-இல் எழுதியது அப்படியே இருக்கிறது.

21 வயது நிறையாதவர்களுக்கென்று உள்ள 6-ஆம் பிரிவு அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்றுப் பரிசீலிக்காமலும், காரணத்தை எழுத்தில் பதியாமலும் அத்தகையவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது என்பதே அதன் ஆணை. அது சிறைக்குத்தான் தடை, அபராதத்துக்குத் தடையன்று. இதனால் சிறையைத் தவிர்க்க விரும்பும் நீதிமன்றம், அறிக்கைக்காகக் காத்திருப்பதைவிட அபராதத்தோடு முடித்துவிடுவது எளிது என்று எண்ண வாய்ப்பிருக்கிறது. தண்டனை குறித்து நீதிமன்றம் கேட்கும் நேரத்தில், ‘குறைந்த அபராதம் போடுங்கள்’ என்று கேட்கும் வழக்கறிஞரைவிட, 3-ஆம், 4-ஆம் பிரிவுகளைச் சுட்டி எழுத்தில் மனு கொடுப்பவர் தம் கட்சிக்காரருக்கு அதிக நன்மை செய்கிறார். ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: இவ்வாறு விடுவிக்கும்போதும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் தரும்படி 5-ஆம் பிரிவின்கீழ் ஆணையிடலாம், அதை அபராதத்தைப் போலவே வசூலிக்கவும் செய்யலாம்.

விசாரணை நீதிமன்றத்தில் நன்னடத்தைச் சட்டத்தின் பயனைக் கேட்கத் தவறியவர் மேல்முறையீட்டில் கேட்கலாம். பஞ்சாபிலிருந்து வந்த வழக்கொன்றில், ஆறுமாதச் சிறையும் 200 ரூபாய் அபராதமும் பெற்ற 16 வயதுச் சிறுவனுக்கு, தண்டிக்கப்பட்ட நாளில் அவன் மாவட்டத்தில் இச்சட்டம் நடைமுறைக்கே வந்திராத நிலையிலும், அதன் பயனை மேல்முறையீட்டு நிலையில் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக 1964-இல் கூறியது. தண்டனையைக் கூட்டும் சட்டம் பின்னோக்கிப் பாயாது, கனிவான சட்டம் பின்னோக்கிச் செல்லலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். முற்பகுதியை அரசமைப்புச் சட்டத்தின் 20(1) உறுப்பே உறுதிசெய்கிறது. உரிமமின்றி வண்டி ஓட்டியதற்கு 2019 ஆகஸ்டு வரை உச்ச அபராதம் 500 ரூபாய். மறுமாதம் அது 5,000 ரூபாயாயிற்று. ஆகஸ்டில் நடந்த குற்றத்துக்குப் பின்னாளில் தீர்ப்பு வந்தாலும் பழைய உச்சவரம்பே பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதன்முறை குற்றவாளியாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தவருக்குச் சமூகச் சேவையைத் தண்டனையாக்கியிருக்கிறது. அத்தேதிக்கு முந்தைய சிறு திருட்டு வழக்குகள் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படியே நடக்கும் என்றாலும், 1964-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தர்க்கத்தை வைத்து இப்புதிய கனிவைக் கோரி வாதிட இடமிருக்கிறது.

போதைப்பொருள் சட்டம் இந்தக் கனிவுக்கு வேலி போடுகிறது. சிறு அளவு கஞ்சா வைத்திருந்ததற்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு நன்னடத்தைச் சட்டம் பொதுவாக இவ்வழக்குகளில் பொருந்தாது. ஆனால் அவர் போதைக்கு அடிமையானவர் என்பது புலனாகி, குற்றம் சிறு அளவைப் பற்றியதாக இருந்தால், சிகிச்சை பெறும் நிபந்தனையோடு விடுவிக்க அச்சட்டத்தின் 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. கல்லூரி மாணவர்கள் சிக்கும் வழக்குகளில் அபராதத் தொகையைப் பற்றிப் பேரம் பேசுவதைவிட இந்தப் பிரிவை நாடுவதே மேல்.

இனித் தொகையைப் பற்றிய வாதம். சட்டம் எவ்வளவு என்று குறிப்பிடாத இடத்தில் அபராதத்துக்கு வரம்பில்லை, ஆனால் அது மிகையாக இருக்கக்கூடாது என்பது 1860 முதல் தொடர்ந்துவரும் விதி. மிகை என்பது யாருடைய பையை வைத்து அளக்கப்படும்? அபராதம் விதிக்குமுன் வருவாயை விசாரித்தே ஆகவேண்டும் என்று நடைமுறைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. பின்லாந்து 1921-லேயே கொண்டுவந்த, ஒருவரின் நாள் வருமானத்தை அலகாக வைத்து அபராதத்தைக் கணக்கிடும் முறையும் இங்கு இல்லை. அந்த இடைவெளியைத் தீர்ப்புகளே நிரப்புகின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில், மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்த உயர் நீதிமன்றம் கூடவே விதித்த 20,000 ரூபாய் அபராதத்தை, 1977-இல் உச்ச நீதிமன்றம் 3,000 ரூபாயாகக் குறைத்தது. அது இளங்குற்றவாளியின் வழக்கு அன்று. எனினும் சிறையோடு சேர்த்து விதிக்கும் அபராதம் மிகையாகக் கூடாது என்பதற்கும், மேல்முறையீட்டில் தொகையை மட்டுமே தனியே குறைக்கலாம் என்பதற்கும் அது நல்ல முன்னோடி. சட்டமே குறைந்தபட்சத் தொகையை நிர்ணயித்திருக்கும் குற்றங்களில் இந்த வாதம் அந்த வரம்போடு நின்றுவிடும்.

சிறு வழக்குகளில், நீதிமன்ற வட்டாரத்தில் ‘பெட்டி கேஸ்’ என்று சொல்லப்படுபவற்றில், குற்றத்தை ஒப்புக்கொண்டு அன்றே பணத்தைக் கட்டிவிட்டு வருவதே வழக்கமாகியிருக்கிறது. ஒரு நாள் கூலியும் அலைச்சலும் மிச்சம் என்பது உண்மை. ஆனால் ஒப்புக்கொண்டவர் குற்றத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது; தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் மட்டுமே எதிர்க்கலாம். அதாவது ‘ஒப்புக்கொண்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்ற பொதுநம்பிக்கை பாதி தவறு: தொகை மிகை என்று மேல்முறையீடு செய்யும் உரிமை எஞ்சியிருக்கிறது. முதல் வகுப்பு நடுவர் விதித்த அபராதம் 100 ரூபாய்க்கு மேற்படாவிட்டாலோ, சுருக்க விசாரணையில் 200 ரூபாய்க்கு மேற்படாவிட்டாலோ மட்டும் மேல்முறையீடு கிடையாது. அங்கேயும் சீராய்வு மனுவுக்கு வழி உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரே செய்யும் மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது என்பதால் இழப்பதற்கும் அதிகமில்லை. மறுபாதியோ உண்மைதான்: அந்தக் குற்றத்தீர்ப்பு காவலர் பணிக்கோ பிற அரசுப் பணிக்கோ நடக்கும் நடத்தைச் சரிபார்ப்பில் வந்து நிற்கும். அதை மறைப்பது வேலையையே பறித்துவிடலாம் என்றும், இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்பமான வழக்கின் தீர்ப்பாயின் மறைத்த பிழையை வேலை தருபவர் தம் விருப்பப்படி பொருட்படுத்தாமல் விடலாம் என்றும் 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு கூறியது. நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டவருக்கு அதன் 12-ஆம் பிரிவு தகுதியிழப்பிலிருந்து காப்பு தருகிறது. வெறுமனே அபராதம் கட்டியவருக்கு அந்தக் காப்பு இல்லை.

சமரசம் இன்னொரு வழி. அடிதடி, அவமதிப்பு, சிறு சேதம் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் இணங்கினால், சிலவற்றில் நீதிமன்ற அனுமதியோடு, வழக்கை முடித்துக்கொள்ளலாம். அதன் விளைவு விடுதலை. மேல்முறையீட்டு நிலையிலும் நீதிமன்ற அனுமதி பெற்று இதைச் செய்ய இயலும். சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்திலும் இத்தகைய வழக்குகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. குற்றப் பேரம் எனப்படும் ஏற்பாடு, அதாவது குற்றத்தை ஏற்றுக்கொண்டு தண்டனைக் குறைப்பைப் பெறுவது, சிறாருக்குக் கிடையாது. 18 வயது கடந்தவருக்கு ஏழாண்டு வரையான பல குற்றங்களில் உண்டு. ஆனால் அதுவும் குற்றத்தீர்ப்பிலேயே முடிகிறது.

தொகை குறையாத நிலையிலும் அதன் சுமையைக் குறைக்கச் சில விதிகள் உள்ளன. அபராதம் மட்டுமே தண்டனையாக இருந்து, கட்டத் தவறினால் சிறை என்றும் ஆணையிட்டிருந்தால், 30 நாள் அவகாசமோ, முப்பது முப்பது நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையோ கேட்கலாம். அபராதம் மட்டுமே உரிய குற்றத்துக்கு, கட்டத் தவறினால் விதிக்கும் சிறை கடின உழைப்பு இல்லாத மெய்க்காவலாகத்தான் இருக்க வேண்டும்; பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 5,000 ரூபாய் வரை இரண்டு மாதமும், 10,000 ரூபாய் வரை நான்கு மாதமும் அதற்கு உச்சவரம்பு. சிறையும் அபராதமும் சேர்ந்து விதிக்கத்தக்க குற்றமாயின், அதற்குரிய உச்ச சிறைக்காலத்தில் நான்கில் ஒரு பங்கை அது தாண்டக்கூடாது. ஒரு பகுதியைக் கட்டினால் அந்த விகிதத்தில் சிறைநாளும் குறையும்: 1,000 ரூபாய்க்கு நான்கு மாதம் என்றிருக்கும்போது, முதல் மாதம் முடிவதற்குள் 750 ரூபாய் கட்டப்பட்டால் அம்மாத இறுதியில் வெளியே வந்துவிடலாம் என்று சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. அச்சிறையை முழுதும் அனுபவித்தவரிடம், எழுத்தில் பதிந்த சிறப்புக் காரணமோ, அபராதத்திலிருந்து இழப்பீடு தரும் ஆணையோ இல்லாமல், அசையும் பொருளை ஜப்தி செய்து மீண்டும் வசூலிக்க முடியாது. அபராதம் கட்ட வழியின்றிச் சிறையிலேயே இருப்பவருக்கு 25,000 ரூபாய் வரை உதவ, ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசின் திட்டம் 2023 முதல் இருக்கிறது. தண்டனையைக் குறைக்குமாறு அரசிடம் மனுச் செய்யும் வழியும் இங்கே எதிர்பாராத அளவு எளிது: 18 வயது கடந்த ஒருவர் மற்றத் தண்டனைகளுக்கு மனுச் செய்ய வேண்டுமானால் சிறைக்குள் இருக்க வேண்டும், அபராதத்துக்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை.

இவற்றுள் எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முதற்படி தீர்ப்பின் நகல். குழந்தைகள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு செலவில்லாமல் வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. நடுவரின் தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்குப் போக 30 நாட்களே உள்ளன. நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்கள் அதில் கணக்காகா. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் அதுவும் மன்னிக்கப்படலாம். மேல்முறையீட்டுக்குரிய தீர்ப்பின் நகல் தண்டிக்கப்பட்டவருக்குக் கட்டணமின்றியே தரப்படுகிறது. அதற்கான விண்ணப்பத்தைத் தீர்ப்பு நாளிலேயே, நீதிமன்ற வளாகத்தை விட்டு வெளியேறும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.